அத்தா விளையாட்டு

அந்தச் சனிக்கிழமை காலை மகள் படிக்கும் இடத்தில் இருந்தவர்கள்: டீச்சர், ஆயா, பிள்ளைகள் ஒன்பது பேர், பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த பெரியவர்கள் மூன்று பேர். பத்தாவது பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. பெரியவர்களில் ஒருவர் புளி மண்டிக்காரர் வீட்டு அம்மா. இன்னொருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையோடே வந்திருந்தார். மூன்றாவது ஆள் நான். வேறு யாரும் உள்ளே வரவில்லை, இருந்தவர்கள் யாரும் தெருவுக்குப் போகவுமில்லை. இதை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு அங்கே என் சாவிக்கொத்து காணாமல் போனது. அது கிடைப்பதற்குள், என்னையும் என் மகளையும் தவிர மற்ற எல்லோரையும் மனதுக்குள் ஒரு தடவை சந்தேகப்பட்டு முடித்திருந்தேன், நாலு வயதுப் பிள்ளைகள் உட்பட.

நான் அப்படிப்பட்ட ஆள். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். பூட்டுக்குப் பேர் போன ஊரில் பிறந்துவிட்டு ஒரு பூட்டையும் நம்பாத ஆள் என்று என் மனைவி கேலி செய்வாள். மாற்றுச் சாவி ஒன்றை வாசலில் இருக்கும் கற்றாழைத் தொட்டியில், மண்ணுக்குள், சுவரோரமாகப் புதைத்து வைத்திருக்கிறேன். அது அங்கே இருக்கிறதா என்று அவ்வப்போது தோண்டியும் பார்ப்பேன். அந்த இடம் எனக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

பிரியாணிக் கடையில் பார்சல் கட்டுவது என் வேலை. பகல் பதினொரு மணிக்குப் போனால் மத்தியானக் கூட்டம் முடிந்து சற்று ஓய்வு கிடைக்கும். அப்போது மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போவேன். படிப்பு ஏழாவதோடு சரி. வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. கணக்கு வாத்தியார் பலகைக்குக் கூப்பிட்டார். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை நின்றேன். மறுநாள் வயிறு வலிக்கிறது என்றேன். அதற்கு மறுநாளும் வலித்தது. அப்படியே படிப்பு நின்றுபோனது. வயிற்றுவலிதான் நிற்கவில்லை. ஏதாவது ஒரு காகிதத்தை நீட்டி, நிரப்பிக் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் வரும்.

அதனால்தான் மகளைப் பற்றி அவ்வளவு பயம். அவளைச் சேர்த்திருந்த இடத்தைப் பள்ளி என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் கூடமும் பக்கத்து அறையும், அவ்வளவுதான். பெஞ்சு கிடையாது. கரும்பலகை இருந்தது, ஆனால் தரையோடு தரையாக, பிள்ளைகள் கிறுக்குவதற்காக. ஒரு மூலையில் பாதியாக அறுத்த நீல டிரம் நிறைய மணல். இன்னொரு மூலையில் தண்ணீர்த் தொட்டியும் ஓட்டை போட்ட டப்பாக்களும். தட்டுகளில் புளியங்கொட்டை, அது மண்டிக்காரர் வீட்டு உபயம். தேங்காய்ச் சிரட்டை, சோடா மூடி, துணிக் கிளிப். ஜன்னலோரம் அட்டைப் பெட்டிகளை ஒட்டிக் கட்டிய ஒரு வீடு, பிள்ளைகள் குனிந்து நுழையும் அளவுக்கு அதற்கு ஒரு கதவு. காலையிலிருந்து பிள்ளைகள் இதற்குள்தான் உருண்டுகொண்டிருப்பார்கள். மகளைக் கூப்பிடப் போனால் அவள் கவுன் பையில் மணல் இருக்கும். இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டால், வெளாண்டேன் என்பாள். வேறு என்ன என்றால் வாயைத் திறக்க மாட்டாள்.

எதிர்வீட்டுப் பையனுக்கும் அதே வயது. பைபாஸ் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியில் படிக்கிறான். ஆங்கில எழுத்து அத்தனையும் எழுதுகிறான். நூறு வரை எண்ணுகிறான். அவன் அம்மா அவனை வாசலில் உட்கார வைத்துத்தான் எண்ண வைப்பாள். அந்தச் சத்தம் எங்கள் அடுப்படி வரை வரும். அறுபத்தேழு, அறுபத்தெட்டு என்று அவன் ஏற ஏற எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன்.

நானே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று சிலேட்டு வாங்கினேன். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் மகளை உட்கார வைத்து, அவள் கையை என் கைக்குள் வைத்து 'அ' எழுத வைப்பேன். என் கை இருக்கும் வரை எழுத்து வரும். கையை எடுத்தால் கோடு எங்கோ போகும். கொஞ்ச நாளில் அவள் சிலேட்டைப் பார்த்ததுமே வலது கையைத் தொடைக்கு அடியில் ஒளித்து வைக்க ஆரம்பித்தாள். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பெரிய பள்ளிக்குப் போய் விசாரித்தேன். ஒரு இடம் காலியாக இருப்பதாகவும் நாலாயிரம் முன்பணம் கட்டினால் பிடித்து வைப்பதாகவும் அங்கே இருந்த கிளார்க் சொன்னார். சனிக்கிழமை பன்னிரண்டரைக்குள் கட்ட வேண்டும், அதற்குப் பிறகு அடுத்த வருடம்தான். அந்த நாலாயிரத்தைத் தேற்றி எங்கள் கடை பார்சல் கவர் ஒன்றில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இந்த டீச்சருக்குத் தர வேண்டிய அரை வருடக் கட்டணம், ஐயாயிரத்து எழுநூற்று ஐம்பது, அப்படியே நின்றது. அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பாடம் நடத்துகிறவர் என்றால் காசைக் கேட்க மாட்டாரா?

மனைவியிடம் யோசனை கேட்டேன். தையல் மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள். "பிள்ள அங்க போக ஒருநாளும் அழுததில்ல. நான் கண்டது அம்புட்டுத்தான். மத்தது ஒங்க பாடு. ஆனா இன்னைக்கோட முடிச்சுருங்க. தெனமும் இதையே கேட்டுக்கிட்டுக் கெடக்க என்னால ஏலாது."

அதே சனிக்கிழமைதான் பெற்றோர் வந்து பிள்ளைகளோடு விளையாட வேண்டும் என்று டீச்சர் கூப்பிட்டிருந்தார். செத்த நேரம் தலையைக் காட்டிவிட்டு அப்படியே பைபாஸ் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். கடைக்கு மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டேன்.

வரும்போது வீட்டில் புழங்கிப் பழசான சாமான் ஏதாவது கொண்டு வாருங்கள், அப்பா அம்மா வேலைக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் இன்னும் நல்லது என்று டீச்சர் குரல் பதிவில் சொல்லியிருந்தார். பழைய சாமானை எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் எப்படிப் போவது? பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் புத்தம்புது பிளாஸ்டிக் அடுப்படி செட் ஒன்று வாங்கினேன். உடைத்துவிடாதே, தொலைத்துவிடாதே என்று வழியெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் மண்டிக்காரர் வீட்டு அம்மா ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத எவர்சில்வர் டம்ளர்களோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் கையில் பாலிதீன் உறையோடு ஒரு பொம்மை ஆட்டோ. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டீச்சருக்கு முகம் விழுந்துவிட்டது. சின்ன வயசுப் பெண். பரவாயில்லை, பரவாயில்லை என்று இரண்டு தடவை சொன்னார். மகள் அடுப்படி செட்டைத் திறக்கக்கூட இல்லை. தொலைந்துவிடாமல் இருக்க அதை ஜன்னல் மேடைமேல் ஏற்றி வைத்துவிட்டு வந்தாள்.

டீச்சர் எங்களைப் பாயில் உட்கார வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிறேன். பிள்ளைங்ககிட்ட கேள்வி மட்டும் கேக்காதீங்க. அவங்க சொல்றதச் செய்யுங்க, போதும்."

இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தோம். தன் மகன் ஒரு கை புளியங்கொட்டையை அள்ளியதும் மண்டிக்காரர் வீட்டு அம்மா, எத்தனை இருக்கு எண்ணு பார்ப்போம் என்றார். அவன் அத்தனையையும் தட்டிலேயே கொட்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டான். ஆட்டோக்காரர் பொம்மை ஆட்டோவைத் தூக்கிக் காட்டி மகனிடம் இது என்ன கலர் என்றார். "ஒங்களுக்குத் தெரியாதாப்பா?" என்று அவன் நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டான். தினமும் அந்தக் கலரில்தானே ஓட்டுகிறார். நான் மட்டும் ஒழுங்கா? பக்கத்தில் கிடந்த அட்டைப் பெட்டியில் 'அரிசி' என்று அச்சடித்திருந்தது. முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டி, இது என்ன எழுத்து சொல்லு என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். வலது கை தொடைக்கு அடியில் போய்விட்டது.

தட்டில் சுண்டலோடு வந்த ஆயா ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க, கேக்காம இருக்கச் சொன்னா அதுவும் முடியலீங்களா? பிள்ளைங்களே பரவாயில்லீங்க."

சுவர்க் கடிகாரம் என் எதிரிலேயே இருந்தது. பதினொன்றைத் தாண்டியிருந்தது. பைபாஸ் போக எவ்வளவு நேரம், ரயில்வே கேட் போட்டிருந்தால் எவ்வளவு நேரம், கிளார்க் சாப்பிடக் கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டைப் பையை இரண்டு மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் மகள் வந்து என் முன்னால் கையை நீட்டினாள். "அத்தா, சாவி தாங்க."

வீட்டுச் சாவி, டிவிஎஸ் வண்டிச் சாவி, கடை அலமாரிச் சாவி எல்லாம் ஒரே கொத்தில். எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் கேட்கக்கூடாதே. டீச்சர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன்.

கொத்தைப் பார்த்ததும் நாலைந்து பிள்ளைகள் தண்ணீரையும் மணலையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அத்தா வெளாட்டு, அத்தா வெளாட்டு என்று குதித்தார்கள். இவர்கள் யாருக்கும் வீட்டில் அத்தா கிடையாது, அப்பாதான். ஆட்டோக்காரரின் மகன் தானாகவே போய் அட்டை வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டான். தினம் தினம் ஆடிப் பழகிய ஆட்டம் என்று பார்த்தாலே தெரிந்தது. வழக்கமாகத் துணிக் கிளிப்தான் சாவி போலிருக்கிறது. இன்றைக்கு நிஜச் சாவி கிடைத்துவிட்டதால் அவர்களுக்குத் தாங்கவில்லை.

மகள் அட்டைக் கதவுக்கு வெளியே இடுப்பில் கையை வைத்து நின்றாள். என் மகள்தான். என்னிடம் ஒரு சொல்லுக்கு மேல் பேசாதவள்.

"கேஸ அமத்துனியா?"

"அமத்திட்டேன்," என்றார்கள் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து.

"நல்லா அமத்துனியா?"

"நல்லா அமத்திட்டேன்."

"தண்ணிக் கொழா?"

"அதும் அமத்தியாச்சு அத்தா."

கதவில் சாவியை வைத்துத் திருகினாள். இழுத்துப் பார்த்தாள். மணல் டிரம் வரை போனாள். நின்றாள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். இந்தத் தடவை இழுத்ததில் கதவே கையோடு வந்துவிட்டது. அதற்கும் அவள் சிரிக்கவில்லை. முகத்தை அப்படியே என் முகம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். புருவத்தை அப்படி நெரிப்பேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஆட்டோக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "பாய், வீட்டுல நீங்க இப்புடியா?" மண்டிக்காரர் வீட்டு அம்மா முந்தானைக்குள் சிரித்தார். டீச்சருக்குத்தான் சங்கடம். பிள்ளைகளை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார், யாரும் திரும்புவதாக இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்றால் சாவி அவள் கையில்.

விளையாட்டில் சீக்கிரமே மறுநாள் விடிந்தது. மகள் கிழிந்த கதவைத் தாண்டி அட்டை வீட்டுக்குள் போய் அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். இப்போது அவன்தான் அவள். ஒரு அட்டை மூடியை அவன் மடியில் வைத்து, அவன் கைமுட்டியைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

"அ போடு. வளைச்சுப் போடு. இழு. இன்னொண்ணு. இன்னொண்ணு."

சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு இந்த இடம் அவ்வளவாகப் பிடிக்காது போலிருந்தது, ஒன்றிரண்டு பேர் மணலுக்குப் போய்விட்டார்கள். மகள் விடவில்லை. இன்னொண்ணு, இன்னொண்ணு என்று அட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து அந்தப் பையன் முகத்தைப் பார்த்தாள்.

"கை வலிக்குதா?"

அவன் தலையை ஆட்டினான்.

"சரி, போதும். போயி வெளாடு."

அதுவரை வந்ததெல்லாம் என் வசனம், வார்த்தை பிசகாமல். இது என் வசனம் இல்லை. நான் அப்படிக் கேட்டதே கிடையாது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பெரிய பள்ளி கிளார்க். பின்பக்கம் போய்ப் பேசினேன். இன்னொருத்தர் வந்து நிற்கிறார், பன்னிரண்டரைக்குள் வராவிட்டால் அவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். இதோ வந்துவிடுகிறேன் என்றேன். குழாயில் முகத்தைக் கழுவினேன். திரும்பி உள்ளே வந்தபோது அட்டை வீடு காலியாக இருந்தது. பிள்ளைகளை ஆயா சுண்டலுக்குக் கை கழுவக் கூட்டிப் போயிருந்தார். சாவிக்கொத்து இல்லை.

அட்டை வீட்டுக்குள் தலையை விட்டுத் தேடினேன். பாயைத் தூக்கிப் பார்த்தேன். புளியங்கொட்டைத் தட்டுகளைக் கிளறினேன். ஆட்டோக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் துழாவினார். மண்டிக்காரர் வீட்டு அம்மா டம்ளர் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தார். டீச்சர் தன் கைப்பையையே கொட்டிக் காட்டினார், பாவம், நான் பார்த்த பார்வை அப்படி இருந்திருக்கும். யாராவது ஒரு பிள்ளை விழுங்கியிருக்குமோ என்றுகூடத் தோன்றிவிட்டது, அவ்வளவு பெரிய கொத்தை. ஜன்னலை எட்டிப் பார்த்தேன். வெளியே எறிந்திருந்தால்? யாராவது எடுத்து வீடு வரை போயிருந்தால்? வீட்டில் மனைவி தனியாக இருக்கிறாள். கடிகாரத்தில் பெரிய முள் நான் பார்க்கும்போதெல்லாம் நகர்ந்திருந்தது.

வரிசையில் கடைசியாகக் கை கழுவிவிட்டு மகள் வந்தாள். கையைக் கவுனில் துடைத்துக்கொண்டே நாங்கள் குனிந்தும் நிமிர்ந்தும் நிற்பதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நேரே மணல் டிரம்முக்குப் போய், சுவரோரமாக இருந்த பக்கத்தில் கையை விட்டுக் கொத்தை எடுத்து, ஊதி, என்னிடம் நீட்டினாள்.

"வேலைக்குப் போகையில மண்ணுக்குள்ளதான வைப்பீக."

மண்டிக்காரர் வீட்டு அம்மா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கு பாய். கேக்காதீகன்னப்பல்லாம் கேட்டோம். கேக்க வேண்டிய பிள்ளகிட்ட ஒருத்தருக்கும் கேக்கத் தோணல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு. அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் உள்ளே குடைந்தது. கற்றாழைத் தொட்டியை அவள் எப்போது பார்த்தாள்? நான் தோண்டும்போது பின்னாலேயே நின்றிருப்பாள். எனக்குத்தான் திரும்பிப் பார்க்கிற பழக்கம் கதவோடு சரி.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். நேரம் இருந்தது. கேட் போடாமல் இருந்தால் தாராளமாகப் போய்விடலாம். ஸ்டார்ட் செய்தேன். சாவித் துவாரத்தைச் சுற்றி மணல் ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினேன். உள்ளே பிள்ளைகள் சுண்டலுக்குச் சண்டை போடும் சத்தம். அதற்கு நடுவில் என் மகளின் குரல் தனியாகக் கேட்டது. யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, சாக்பீஸைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். எதிர்வீட்டுப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லையே. கூடவே இதுவும்: நாளைக்கே இவள் ஒன்றும் தெரியாமல் நின்றால், அன்றைக்கு ஏன் போகவில்லை என்று என்னைத்தானே கேட்பார்கள். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. பெட்ரோல் வீணாகிறது என்று அணைத்தேன். அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்யக் கை போகவில்லை.

உள்ளே போனேன். டீச்சர் அட்டைக் கதவை ஒட்டிக்கொண்டிருந்தார். பார்சல் கவரை எடுத்து நீட்டினேன்.

"இப்ப அவசரமில்லண்ணே," என்றார்.

அவசரம்தான் என்றேன். இப்போது வாங்கிக்கொள்ளாவிட்டால் நான் வேறு எங்காவது கட்டிவிடுவேன் என்பதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு கேட்டேன். "இவ 'அ' எப்ப டீச்சர் எழுதுவா?"

அவர் ஒட்டுவதை நிறுத்தினார். "தெரியலண்ணே. மணல்ல வரையிறா, கிளிப்ப அமுக்குறா, வெரலுக்கு நல்லா பலம் வந்துக்கிட்டிருக்கு. எழுதிருவா. எப்பன்னு தேதி சொல்ல எனக்குத் தெரியாது."

தேதி சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்து, வரவில்லை, அவருக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். சொன்ன வேகத்தில் வயிறு வலித்தது.

சிலேட்டு இப்போது பரண்மேல் இருக்கிறது. காலையில் அந்த நேரம் வந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எதிர்வீட்டில் எழுபதைத் தாண்டும்போது வெளியே போய்க் கற்றாழைத் தொட்டியைக் கிளறிவிட்டு வருவேன். மகளும் கூட வந்து குனிந்து பார்ப்பாள், இருக்கு அத்தா என்பாள். அவளுக்கு இன்னும் 'அ' வரவில்லை. கை மட்டும் தொடைக்கு அடியில் போவதில்லை.

அன்றைக்கு டீச்சர் கவரை எண்ணாமலே மேசை டிராயருக்குள் வைக்கப் போனார். எண்ணச் சொன்னேன். எண்ணினார். இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன். நாலாயிரம் சரியாக இருந்தது. இன்னும் நான் தர வேண்டியது ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.